பெர்ல் நிரலாக்கத்தில் தொடக்கநிலையாளர் இடர்ப்பாடுகளும் தமிழ் எழுத்திலக்கணமும்: வடசென்னை ஊர்ப்பெயர்த் தேடலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ப் பனுவல்களைக் கணினிவழி ஆராய முற்படும் தொடக்கநிலையாளர் பெர்ல் மொழியில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளை இக்கட்டுரை வகைப்படுத்துகிறது. பைட்டு, குறியெண், எழுத்து, சொல் ஆகிய நான்கு அடுக்குகளுள் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதே அவ்விடர்ப்பாடுகளுள் பெரும்பாலானவற்றின் அடிப்படை என்பது இதன் கருதுகோள். திருவொற்றியூர், இராயபுரம், எண்ணூர், காசிமேடு, தண்டையார்பேட்டை, மணலி ஆகிய வடசென்னை ஊர்ப்பெயர்கள் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. புணர்ச்சியால் உருமாறும் பெயர்களைத் தேடுவதற்கு உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரிக்கும் இலக்கண முறையே ஏற்ற நிரல்முறையாகவும் அமைவது இறுதியில் நிறுவப்படுகிறது.

திறவுச் சொற்கள்: பெர்ல், ஒருங்குறி, குறியெண், புணர்ச்சி, ஊர்ப்பெயர், தேடல் வடிவம், வடசென்னை.

1. முன்னுரை

மொழியியல் பயின்றவரான லாரி வால் 1987இல் பெர்ல் மொழியை வெளியிட்டார். உரைக்கோப்புகளைப் படித்தல், அவற்றுள் ஒரு வடிவத்தைத் தேடுதல், கண்டதை மாற்றி எழுதுதல் ஆகிய மூன்றும் அம்மொழியின் இயல்பான தொழில்கள். 2002இல் வெளிவந்த 5.8ஆம் பதிப்பு ஒருங்குறியை முறையாகக் கையாளும் திறனைப் பெற்றிருந்தது. தமிழ்ப் பனுவல்களும் ஏறத்தாழ இக்காலத்திலேயே மின்வடிவம் பெற்றன. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கிய நூல்களை எவரும் பெறத்தக்க மின்னுரையாக்கியது. சொல்லடைவு, தொடரடைவு, சொற்பெருக்கக் கணக்கு முதலியவற்றை ஆய்வாளர் தாமே சிறு நிரலொன்றால் உருவாக்கிக்கொள்ளும் நிலை இவ்வாறு தோன்றியது.

எனினும் இவ்வசதி ஓர் இடரையும் உடன்கொண்டு வந்தது. நிரல் பிழைபட்டு நின்றுவிட்டால் ஆய்வாளர் அதனை அறிவார். நிரல் தடையின்றி ஓடி, ‘பூச்சியம்’ என விடை தந்தால் அதனைப் பனுவலின் இயல்பெனக் கருதிவிடுவார். ‘இந்நூலில் இவ்வூர்ப்பெயர் பயிலவில்லை’ என்னும் முடிவு ஆய்வேட்டில் ஏறிய பின்னர் அதன் பின்னிருந்த நிரலை எவரும் சோதிப்பதில்லை. ஆகவே தொடக்கநிலையாளரின் நிரற்பிழைகள் ஆய்வின் நம்பகத்தைத் தொடுவன.

2. ஆய்வுக்களமாக வடசென்னை ஊர்ப்பெயர்கள்

வடசென்னையின் ஊர்ப்பெயர்கள் பல காலத்து, பல வகைப் பனுவல்களில் பரவிக் கிடப்பவை. திருவொற்றியூர் அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவராலும் பாடப்பெற்ற தலம். இராயபுரம் 1856இல் தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை புறப்பட்ட இடம். எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயற்பாட்டுக்கு வந்து 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. பதிகம், இருப்புப்பாதை வரலாறு, நாளிதழ்ச் செய்தி, மாநகராட்சி ஆவணம் ஆகிய அனைத்திலும் ஒரே ஊரைத் தேட விழைபவர், எழுத்து வேறுபாடு, புணர்ச்சி வேறுபாடு, குறியேற்ற வேறுபாடு மூன்றையும் ஒருங்கே எதிர்கொள்ள நேரும். இப்பெயர்களைப் பயிற்சிக்குரிய தரவாகக் கொண்டமைக்கு இதுவே காரணம்.

3. மொழி சாராத பொதுப் பிழைகள்

அடுக்குகளை ஆராயுமுன் எம்மொழித் தரவிலும் நிகழும் நான்கு பிழைகளைச் சுருங்கக் காணலாம்.

முதலாவது, மாறியின் பெயரைத் தவறாக எழுதுதல். நிரலின் தலைப்பில் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’, ‘யூஸ் வார்னிங்ஸ்’ என்னும் இரு கட்டளைகளும் இல்லையெனில், பெர்ல் தவறான பெயரைப் புதியதொரு வெற்று மாறியாக ஏற்றுக்கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் எழாது.

இரண்டாவது, வரியிறுதிக் குறி. கோப்பிலிருந்து படிக்கப்படும் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குப் புலப்படாத வரிமுடிவுக் குறி உண்டு. ‘சோம்ப்’ கட்டளையால் அதனை நீக்காவிடில் கோப்பிலுள்ள ‘எண்ணூர்’ நிரலிலுள்ள ‘எண்ணூர்’ என்பதற்குச் சமமாகாது. விண்டோஸ் கணினியில் உருவாக்கிய கோப்பை லினக்ஸில் படிக்கும்போது, ‘சோம்ப்’ கட்டளைக்குப் பின்னரும் ஒரு குறி எஞ்சி நிற்கும்.

மூன்றாவது, ஒப்பீட்டுக் குறி. இரட்டைச் சமக்குறி (==) எண்களுக்கு உரியது; சொற்களை ஒப்பிடுவதற்குரியது ‘ஈக்யூ’. எண்ணாகக் கொள்ளவியலாத சொல்லுக்குப் பெர்ல் பூச்சிய மதிப்பளிக்கும். எனவே இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் ‘இராயபுரம்’, ‘எண்ணூர்’ இரண்டும் பூச்சியமாகி ஒன்றாகிவிடும். மேற்குறித்த எச்சரிக்கைக் கட்டளை இருந்தால் இப்பிழை உடனே வெளிப்படும்.

நான்காவது, எண்வரிசை. 1 முதல் 15 வரையிலான மண்டல எண்களைப் பெர்லின் இயல்பான வரிசைக் கட்டளையால் அடுக்கினால் 1, 10, 11 எனத் தொடங்கி 15க்குப் பின்னரே 2 வரும். கட்டளை அவற்றைச் சொற்களாகக் கொள்வதே காரணம். எண்ணொப்பீட்டுக் குறியை (<=>) வெளிப்படையாகத் தருதல் வேண்டும்.

4. பைட்டு அடுக்கு

தமிழ்த் தரவுக்கே உரிய இடர்ப்பாடுகள் இங்குத் தொடங்குகின்றன. ஒருங்குறி தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான எண்களை ஒதுக்கியுள்ளது. இவ்வெண்களே குறியெண்கள். யு.டி.எஃப்-8 முறையில் கோப்பில் சேமிக்கும்போது தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டுகளாகும். ‘திருவொற்றியூர்’ என்பதன் நீளத்தை ‘லெங்த்’ கட்டளையால் கேட்கும் தொடக்கநிலையாளருக்கு 42 என விடை வருவது இதனால்தான். அச்சொல்லில் எழுத்துகள் 7; குறியெண்கள் 14; பைட்டுகள் 42.

கோப்பைத் திறக்கும்போதே அது யு.டி.எஃப்-8 எனப் பெர்லுக்கு அறிவித்தால் நீளம் 14 ஆகும். அவ்வாறே நிரலுக்குள் எழுதப்பட்ட தமிழ்ச் சொற்களுக்காக ‘யூஸ் யு.டி.எஃப்-8’ கட்டளையும் தேவை. இவ்விரண்டுள் ஒன்றை மட்டும் செய்வதே மிகப் பரவலான பிழை. இரண்டையும் செய்யாதபோது பைட்டுகள் பைட்டுகளோடு பொருந்துவதால் தேடல் சரியாக நடப்பதுபோல் தோன்றும். ஒன்றை மட்டும் செய்தால் பைட்டும் குறியெண்ணும் ஒப்பிடப்பட்டு எதுவும் அகப்படாது. பாதி திருத்திய நிரல் திருத்தாத நிரலினும் மோசமான விடையைத் தருவதால், தொடக்கநிலையாளர் திருத்தத்தையே கைவிட்டுவிடுகின்றனர்.

இவ்வடுக்கில் எழும் புகழ்பெற்ற எச்சரிக்கை ‘வைட் கேரக்டர் இன் பிரிண்ட்’ என்பது. உள்ளீடு சரியாகக் குறியெண்ணாக்கப்பட்டுவிட்டது. வெளியீட்டு வழிக்கு மட்டும் குறியேற்றம் அறிவிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். திரையில் தமிழ் சரியாகவே தெரிவதால், எச்சரிக்கையை அடக்கிவிடுமாறோ உள்ளீட்டு அறிவிப்பை நீக்கிவிடுமாறோ சிலர் அறிவுரை கூறுவர். பின்னது நிரலை மீண்டும் பைட்டு அடுக்குக்கே தள்ளிவிடும். ‘பின்மோட்’ கட்டளையால் வெளியீட்டு வழிக்கும் யு.டி.எஃப்-8 என அறிவித்தலே முறை.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. குறியெண்ணாக்கப்படாத பைட்டுகளை யு.டி.எஃப்-8 என அறிவித்த வழியில் எழுதினால் அவை மீண்டும் ஒருமுறை குறியேற்றம் பெறும். தமிழ் மறைந்து இலத்தீன் ஒட்டெழுத்துகளும் குறியீடுகளும் தோன்றும். அப்போது 42 பைட்டுச் சொல் 84 பைட்டாகிவிடும். வெளியீட்டுக் கோப்பின் அளவு ஏறத்தாழ இருமடங்காவது இப்பிழையின் எளிய அறிகுறி.

5. குறியெண் அடுக்கும் எழுத்து அடுக்கும்

பைட்டுச் சிக்கல் தீர்ந்த பின்னரும் 14 என்னும் விடை தமிழாசிரியருக்கு உடன்பாடாகாது. அவர் எண்ணுவது 7. மெய்யெழுத்து புள்ளியோடு நிற்பது இயல்பு என்பது தொல்காப்பிய மரபு. ஒருங்குறியோ அகரமேறிய மெய்யை அடிப்படையாகக் கொண்டு புள்ளியைத் தனிக்குறியாகச் சேர்க்கிறது. ‘ர்’ என்பது கணினிக்கு 2992, 3021 என்னும் இரு குறியெண்கள். ‘எண்ணூர்’ என்பதன் முதலிரு குறியெண்களை வெட்டியெடுத்தால் ‘எண்’ கிடைப்பதில்லை, ‘எண’ கிடைக்கிறது. சொல்லைத் தலைகீழாக்கினால் புள்ளி முதலில் வந்து நிற்கும்.

இதற்குப் பெர்ல் தரும் தீர்வு, பின்சாய்வுக்கோட்டுடன் பெரிய எக்ஸ் எழுத்தை இணைத்து எழுதும் தேடற்குறி. அடிப்படைக் குறியெண்ணையும் அதனோடு ஒட்டும் குறிகளையும் அது ஓர் அலகாகக் கொள்ளும். அக்குறியால் எண்ணினால் ‘திருவொற்றியூர்’ 7 எழுத்தாகும். ‘க்ஷ’ போன்ற கூட்டெழுத்தை மட்டும் அது இரண்டாக எண்ணும்.

எழுத்தையும் குறியெண்ணையும் வேறுபடுத்தாமையால் விளையும் பிழைகளுள் நுட்பமானது ஒன்று உண்டு. தண்டையார்பேட்டை என்பது சில பனுவல்களில் ‘தண்டையார்ப்பேட்டை’ என ஒற்று மிகுந்தும் வழங்கும். தேடல் வடிவத்தில் ஓர் அலகை ‘வந்தாலும் வராவிட்டாலும்’ எனக் குறிக்க வினாக்குறி பயன்படுவதைக் கற்றவர் ‘தண்டையார்ப்?பேட்டை’ என எழுதுவார். வினாக்குறி தனக்கு முன்னுள்ள ஒரே குறியெண்ணையே, அதாவது புள்ளியை மட்டுமே, விருப்பத்திற்குரியதாக்கும். பகரம் கட்டாயமாகவே நிற்கும். ஆகவே ஒற்று மிகாத வடிவம் ஒன்றுகூட அகப்படாது. ‘தண்டையார்(ப்)?பேட்டை’ எனப் பிறைக்குறியிட்டு எழுத்தை முழுமையாக்குதலே திருத்தம். இராயபுரத்திற்கு இத்தகைய இடர் இல்லை. ரகரம் மொழிமுதலாகாது என்னும் விதிப்படி இகரம் பெற்ற வடிவமும் பெறாத வடிவமும் வழங்குகின்றன. ‘இ’ ஒரே குறியெண்ணாதலால் ‘இ?ராயபுர’ என்பது இரண்டையும் கண்டறியும்.

கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் தோன்றும் எழுத்துகளும் உள. ஒகர உயிர்மெய்க் குறியை 3018 என்னும் ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். கொம்பும் காலுமாக 3014, 3006 என்னும் இரு குறியெண்களாலும் எழுதலாம். முதல் முறையில் திருவொற்றியூர் 14 குறியெண். இரண்டாம் முறையில் 15. திரையில் வேறுபாடே இராது. ஒப்பீட்டில் இரண்டும் வேறு சொற்கள். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதுவே நிலை. பெர்லோடு வரும் ஒருங்குறி இயல்பாக்கத் தொகுதியைக் கொண்டு உள்ளீடு முழுவதையும் தொடக்கத்திலேயே ஒருவடிவப்படுத்திக்கொள்ள வேண்டும். ஔகாரக் குறிக்கு ஈடாகக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதப்பட்டவற்றை இயல்பாக்கம் திருத்தாது. அவற்றைத் தனியே கண்டு மாற்றுதல் வேண்டும்.

அகரவரிசையும் இவ்வடுக்கைச் சார்ந்ததே. ஒருங்குறியில் றகரம் லகரத்திற்கு முன்னும், னகரம் பகரத்திற்கு முன்னும், புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னும் வைக்கப்பட்டுள்ளன. குறியெண் வரிசைப்படி அடுக்கினால் ‘கடற்கரை’ ‘கடல்’ என்பதற்கு முன்னும், ‘மீனவர்’ ‘மீன்’ என்பதற்கு முன்னும், ‘மணலி’ ‘மண்டலம்’ என்பதற்கு முன்னும் வந்துவிடும். தமிழ் அகராதி மரபு இம்மூன்றிலும் நேர்மாறானது. பெர்லின் ஒருங்குறி வரிசைப்படுத்தல் தொகுதியில் தமிழுக்கான விதிகள் இடம்பெற்றிருப்பதால், இயல்பான வரிசைக் கட்டளையை விடுத்து அதனைப் பயன்படுத்துதல் வேண்டும்.

6. சொல் அடுக்கு: புணர்ச்சியும் தேடலும்

முன்னைய அடுக்குகள் யாவும் செம்மையான பின்னரும் ‘ஒற்றியூர்’ என்று தேடுபவருக்குத் ‘திருவொற்றியூரில்’ என்னும் சொல் அகப்படாது. காரணங்கள் இரண்டு. சொல்லின் முதலில் வகர உடம்படுமெய் தோன்றி ஒகரத்தோடு கூடி ‘வொ’ ஆயிற்று. ‘ஒ’ என்னும் குறியெண் அங்கு இல்லை. சொல்லின் இறுதியில் ரகர மெய் இகரத்தோடு கூடி ‘ரி’ ஆயிற்று; தேடலிலுள்ள புள்ளி அங்கு இல்லை.

ஊர்ப்பெயர்கள் வேற்றுமையுருபை ஏற்கும் முறையும் ஒன்றுபோல் இல்லை. எண்ணூர், ‘எண்ணூரில்’ எனப் புள்ளியை இழக்கும். இராயபுரம், ‘இராயபுரத்தில்’ என மகரம் கெட்டு அத்துச் சாரியை பெறும். காசிமேடு, ‘காசிமேட்டில்’ என டகரம் இரட்டும். தண்டையார்பேட்டை, ‘தண்டையார்பேட்டையில்’ என யகர உடம்படுமெய் பெறும். முதல் மூன்று பெயர்களையும் எழுவாய் வடிவில் முழுமையாக எழுதித் தேடுபவர் உருபேற்ற இவ்வடிவங்கள் யாவற்றையும் இழப்பர்.

மாறும் இறுதியை விடுத்துப் பொதுப் பகுதியை மட்டும் தேடுவது எளிய வழி. ‘எண்ணூர’, ‘ராயபுர’, ‘காசிமேட’ என்னும் பகுதிகள் இவ்வடிவங்கள் அனைத்தையும் தரும். எனினும் வெட்டுமிடத்தில் கருத்து வேண்டும். ‘எண்ணூ’ என ஓரெழுத்து மிகுதியாக வெட்டினால் ‘எண்ணூறு’ என்னும் எண்ணுப்பெயரும் வந்து சேரும். மணலியில் இடர் இன்னும் பெரிது. ‘மணலி’ என்னும் தேடல், ‘மணலில்’, ‘மணலின்’, ‘மணலிற்கு’ ஆகியவற்றையும் ஊர்ப்பெயராகக் கொள்ளும். கடலரிப்புப் பற்றிய ஒரு கட்டுரையில் மணல் என்னும் சொல்லே மிகுதியாகப் பயிலும். உருபேற்ற ஊர்ப்பெயர் ‘மணலியில்’, ‘மணலியின்’, ‘மணலிக்கு’ என வருவதால், ‘மணலி(?![லனற])’ என லகர, னகர, றகரங்கள் பின்தொடராமை கேட்கும் வடிவம் இவற்றைப் பிரிக்கும். எஞ்சும் ஐயங்களை ஆய்வாளர் இடம்நோக்கித் தெளிதல் வேண்டும்.

சொல்லின் முதலில் நிகழும் மாற்றத்திற்கு ‘(ஒ|வொ)ற்றியூர’ என எழுதலாம். ஆயின் ‘எழில் + ஒற்றியூர்’ என்பது ‘எழிலொற்றியூர்’ எனப் புணர்ந்தால் இவ்வடிவமும் தவறிவிடும். செய்யுளில் எம்மெய்யும் முன்னிற்கக் கூடுமாதலால் ஒவ்வொன்றையும் பட்டியலிடுதல் முடிவுறாத வேலை.

இவ்விடத்தில் இலக்கணமே வழிகாட்டுகிறது. உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் கூடியது என்னும் பகுப்பை நிரலாக்கினால் இவ்விடர் அடியோடு நீங்கும். இதற்குத் தேவை மூன்று படிகள். முதலில் பதினோர் உயிர்க்குறிகளையும் அவற்றிற்குரிய உயிரெழுத்துகளையும் பெர்லின் ‘ஹேஷ்’ என்னும் இணையட்டவணையில் வைத்தல். அடுத்து, மெய்யின் பின் உயிர்க்குறி வருமிடமெல்லாம் அதனைப் புள்ளியும் உயிரெழுத்துமாக மாற்றுதல். மூன்றாவதாக, புள்ளி தொடராத மெய்க்குப் புள்ளியும் அகரமும் சேர்த்தல். இவ்வாறு மாற்றிய பின் ‘ஒற்றியூர்’ என்பது ‘ஒற்ற்இய்ஊர்’ ஆகும். ‘திருவொற்றியூரில்’ என்பது ‘த்இர்உவ்ஒற்ற்இய்ஊர்இல்’ ஆகும். முன்னது பின்னதன் உள்ளே மாறாமல் அமைந்திருக்கிறது. ‘எழிலொற்றியூர்’ என்பதும் ‘எழ்இல்ஒற்ற்இய்ஊர்’ என நின்று தானே அகப்படும். உடம்படுமெய் தோன்றலும் உடல்மேல் உயிர் வந்து ஒன்றலும் இவ்வடிவத்தில் வெறும் அண்மையாகிவிடுகின்றன. சாரியை பெறுதல், இரட்டித்தல் ஆகியவற்றிற்கு மட்டும் மேற்கூறிய பகுதித் தேடல் தொடர்ந்து வேண்டப்படும். மூலப் பனுவலை மாற்றாது, தேடலுக்கென ஒரு படியை மட்டும் இவ்வாறு பிரித்து வைத்துக்கொள்ளல் நலம்.

7. உதவி பெறலும் உதவி செய்தலும்

‘நிரல் வேலை செய்யவில்லை’ என்னும் வினாவுக்கு எவரும் விடை தர இயலாது. உதவி நாடுபவர் நான்கினை முன்வைத்தல் வேண்டும்: பிழையை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் மிகச் சிறிய நிரல்; ஓரிரு வரி உள்ளீடு; எதிர்பார்த்த விடை; கிடைத்த விடை அல்லது பிழைச்செய்தி, ஓரெழுத்தும் மாறாமல். தமிழ்த் தரவாயின் கோப்பின் குறியேற்றத்தையும் சேர்த்துக் கூறல் வேண்டும். பழைய கோப்புகள் தஸ்கி, தாப், தாம் முதலிய முறைகளிலும் இருத்தல் கூடும். தஸ்கியில் கொம்பு மெய்க்கு முன்னரே சேமிக்கப்படுவதால், ஒருங்குறிக்கு மாற்றுகையில் எண் மாற்றத்தோடு இடமாற்றமும் தேவை.

உதவுபவர் திருத்திய வரியை மட்டும் தந்து அமைதல் போதாது. பிழை எவ்வடுக்கில் நிகழ்ந்தது என்பதைக் காட்டுதல் வேண்டும். ஐயத்திற்குரிய சொல்லின் நீளத்தைக் கேட்டாலே அடுக்குப் புலப்படும்: ‘திருவொற்றியூர்’ 42 எனின் பைட்டு, 14 எனின் குறியெண், 15 எனின் இயல்பாக்கம் பெறாத குறியெண், இவற்றினும் ஒன்றிரண்டு மிகின் வரியிறுதிக் குறியோ கோப்பின் தொடக்கக் குறியோ ஒட்டியிருக்கிறது. ‘ஆர்ட்’ கட்டளையால் ஒவ்வொரு குறியெண்ணையும் அச்சிட்டால் எஞ்சிய ஐயமும் தீரும். விடை அறிந்த சிறு பனுவல் ஒன்றில் நிரலை ஓட்டிப் பார்த்த பின்னரே பெரும்பனுவலில் ஓட்டுதல் வேண்டும். உருபேற்றவை, ஏற்காதவை, புணர்ந்தவை, மயங்கத்தக்கவை என ஐந்தாறு வரிகளைக் கையால் எழுதி வைத்துக்கொண்டால் அச்சோதனைக்குப் போதும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. பெர்லில் தமிழைக் கையாளும் தொடக்கநிலையாளரின் இடர்ப்பாடுகளைப் பைட்டு, குறியெண், எழுத்து, சொல் என நான்கு அடுக்குகளில் வைத்து நோக்கின், ஒவ்வொன்றற்கும் உரிய தீர்வு தெளிவாகிறது. மேலடுக்குப் பிழையைக் கீழடுக்கில் திருத்த முயல்வது புதுப்பிழைக்கு இடந்தரும்.

2. பிழைச்செய்தி தரும் நிரலினும் அமைதியாகப் பூச்சிய விடை தரும் நிரலே ஆய்வுக்குக் கேடு விளைப்பது. ‘சான்று இல்லை’ என்னும் முடிவை வெளியிடுமுன் உருபேற்ற வடிவங்களும் இருவகைக் குறியேற்றங்களும் தேடப்பட்டனவா என உறுதிசெய்தல் கடமை.

3. எழுத்து எது, அது பிற எழுத்தோடு எவ்வாறு கூடும் என்னும் இலக்கண அறிவு நிரலாளருக்கு நேரடியாகப் பயன்படும் கருவி. மெய்யும் உயிருமாகப் பிரிக்கும் மூன்று படி நிரல் இதற்குச் சான்று.

4. தமிழ்த் துறைகளில் கணித்தமிழ் கற்பிக்குங்கால், ஆங்கிலச் சொற்களை எடுத்துக்காட்டாகக் கொண்ட பாடங்களை அப்படியே பின்பற்றாது, மாணவர் தம் ஊரின் பெயரிலிருந்தே பயிற்சியைத் தொடங்குதல் பயன்தரும். திருவொற்றியூர் என்னும் ஒரு பெயரே நான்கு அடுக்குகளையும் கற்பிக்கப் போதுமானது.